ஏழாம் மேசை

ஸ்காபரோ,
10 மார்ச் 2025.

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைப் பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அரைப் பக்கத்துக்கு உங்கள் படம், கன்னத்தில் கை வைத்தபடி. நான் சுகமில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் கதைத்துக் கதைத்தே என்னை வென்றுவிடுவீர்கள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் நீங்கள் குறுக்கே வர முடியாது.

அண்ணை, உங்களுக்கு என்ன விசரா?

'மனிதன் ஏன் பகிர்ந்தான்?' என்று எட்டு வாரமாக எழுதிக்கொண்டு வருகிறீர்கள். முதலில் காட்டில் வேட்டையாடின ஆட்கள் இறைச்சியைப் பங்கு போட்டதை எழுதினீர்கள். பிறகு, பசித்த வௌவாலுக்கு மற்ற வௌவால் தான் குடித்த இரத்தத்தைக் கக்கிக் கொடுப்பதை எழுதினீர்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் ஊருக்குப் பொதுவாக இருந்த நிலத்தைப் பெரிய ஆட்கள் வேலி போட்டு அடைத்ததும், நிலம் போன சனம் ஆலைக்குள் போய் மணிக்கூட்டுக்கு அடிமையானதும். நான் விளங்கியும் விளங்காமலும் ஒரு வாரமும் விடாமல் வாசித்தேன். என் அண்ணன் எழுதுகிறார் என்று லஞ்ச் ரூமில் எல்லோருக்கும் காட்டினேன். இந்த வாரம் 'மார்க்கத்தில் ஒரு மேசை' என்று எழுதியிருக்கிறீர்களே, அது யாருடைய மேசை?

பெயர்களை மாற்றிவிட்டீர்களாம். பெரிய கெட்டித்தனம்! மார்க்கம் நகரம், உறைய வைத்த பற்றிஸ் பலகாரம் செய்யும் கொம்பனி, ஏழாம் மேசை, நாலு தமிழ்ப் பெண்கள், அதில் ஒருத்திக்கு வலது தோள் தூக்க ஏலாது. இவ்வளவும் எழுதின பிறகு பெயர் என்னத்துக்கு? கமலாம்பிகை அக்காவின் வீட்டு விலாசத்தையும் சேர்த்துப் போட்டிருக்கலாமே.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் திருப்பிச் சொல்கிறேன், செய்தது என்ன என்று விளங்கட்டும். எங்கள் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட ஸ்டிக்கர் ரோல் ஒன்று. அடுக்கி முடித்த பெட்டியில் அவரவர் ஸ்டிக்கரை ஒட்டினால், பெல்ட் முடிகிற இடத்தில் உள்ள மெஷின் யாருக்கு எத்தனை என்று எண்ணும். மணிக்கு நாற்பதுக்குக் குறைந்தால் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா மூன்று வருஷத்துக்கு முன் பஸ் நிற்கிற இடத்தில் ஐஸில் விழுந்த பிறகு முப்பதைத் தாண்டுவதில்லை. அதனால் நானும் யூஜினியும் வனஜாவும் அவவின் ஸ்டிக்கரில் கொஞ்சத்தை ஏப்ரன் பொக்கற்றுக்குள் வைத்திருந்து எங்கள் பெட்டிகளில் ஒட்டிவிடுவோம். நாங்கள் அதைக் கைமாத்து என்போம். யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அவவின் மனிசனுக்கு நெஞ்சு வருத்தம். மருந்து முழுக்க அக்காவின் கொம்பனி இன்சூரன்ஸில். அந்த மனிசனுக்கு அறுபத்தைந்து ஆக இன்னும் ஒன்றரை வருஷம், பிறகு அரசாங்கம் மருந்து கொடுக்கும். அதுவரைக்கும் அக்கா வேலையில் நின்றால் போதும் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் கை வலிக்க வலிக்க ஓடிக்கொண்டிருந்தோம்.

யாரோ ஒரு புண்ணியவான் உந்தப் பேப்பரை மடித்துக்கொண்டு போய் ஒஃபிஸில் கொடுத்திருக்கிறான். இன்று காலை அக்காவைக் கூப்பிட்டு, விசாரணை முடியும் மட்டும் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஏப்ரனைக்கூடக் கழற்ற விடவில்லை. எங்கள் சூப்பவைசர் சிவபாதம் என்னிடம் வந்து சொன்னார்: "அக்கா, எனக்கு உது முதலே தெரியும். தெரியாத மாதிரி இருந்தனான். இப்ப பேப்பரில வந்திட்டுது. இனி நான் என்னெண்டு தெரியாத மாதிரி இருக்கிறது?"

பொங்கலுக்கு உங்கள் மகன் மிதுனன் வீட்டில் வைத்து, இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பேப்பருக்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா?

வருகிற வெள்ளிக்கிழமைப் பேப்பரில் இரண்டே வரி எழுதுங்கள். அந்த மேசை கற்பனை, அப்படி ஒரு கொம்பனி இல்லை என்று எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
மலர்.


பிக்கரிங்,
14 மார்ச் 2025.

என் அன்புத் தங்கச்சி மலருக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். திட்டு, உனக்கு அந்த உரிமை இருக்கிறது. கமலாம்பிகை அம்மாவுக்கு நடந்ததை வாசித்து நானும் அன்று சாப்பிடவில்லை. மேசையின் நம்பரைப் போட்டது என் பிழை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கற்பனை என்று எழுதச் சொல்லாதே. அதை மட்டும் கேட்காதே. மனிதன் பிறவியிலேயே பேராசைக்காரன், முதலாளித்துவம் அவனுடைய இயல்பில் இருந்துதான் வந்தது என்று மேற்கில் இருநூறு முன்னூறு வருஷமாகப் படிப்பிக்கிறார்கள். அது பொய் என்றுதான் நான் இந்தத் தொடரிலும் அதில் இருந்து வருகிற புத்தகத்திலும் நிறுவுகிறேன். கற்கால வேடனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது அந்தக் காலம் என்பார்கள். வேலி போடுவதற்கு முந்தின இங்கிலாந்து விவசாயியைக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். இந்தக் காலத்தில், மெஷின் எண்ணுகிற ஒரு கொம்பனிக்குள் நின்றுகொண்டு பகிர்ந்தவர்கள் என்று எனக்குக் கிடைத்த சாட்சி நீங்கள் நாலு பேர்தான். உங்களைக் கற்பனை என்று எழுதினால் புத்தகத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

நான் எங்கே இருந்து படித்தேன் என்று உனக்குத் தெரியும். மிசிசாகாவில் கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்திரண்டு வருஷம். காசை வாங்கி, தடியைத் தூக்கிவிட்டு, மறுபடி புத்தகத்தைத் திறப்பேன். என்ன வாசிக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை, மிதுனன்கூட. இப்போது அறுபத்தெட்டு வயதில் என் பெயர் போட்டு ஒரு புத்தகம் வருகிறது. முப்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. அச்சுக்குப் போய்விட்டது.

எனக்கு ஒரு யோசனை. அன்றைக்கு நீங்கள் நாலு பேரும் மேடைக்கு வாருங்கள். சபை முன்னால் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவோம். நானே போர்த்துகிறேன். இருநூறு பேர் வருவார்கள், ஊடகக்காரர் வருவார்கள். அதற்குப் பிறகு எந்தக் கொம்பனிக்கும் கமலாம்பிகை அம்மாவில் கை வைக்கத் துணிவு வராது. ஒளிந்திருக்கிறவர்களைத்தான் அடிப்பார்கள், மலர். வரலாறு அதைத்தான் சொல்கிறது.

யோசித்து எழுது. குளிருக்குள் தொப்பி இல்லாமல் திரியாதே.

என்றும் உன் அண்ணன்,
இரத்தினவேல்.


ஸ்காபரோ,
18 மார்ச் 2025.

அன்புள்ள அண்ணைக்கு,

பொன்னாடையா? வாசித்துவிட்டுக் கடிதத்தைக் குப்பையில் போட்டு, பிறகு எடுத்து மறுபடி வாசித்தேன், நான்தான் பிழையாக வாசித்தேனோ என்று. வேலை போன மனிசிக்குச் சால்வை! அதைப் போர்த்திக்கொண்டு பார்மஸிக்குப் போய் நின்றால் மருந்து கொடுப்பானா?

இன்னொன்றும் கேளுங்கள். எங்களை வௌவாலோடு சேர்த்து எழுதினது போகட்டும். இயல்பு, இயல்பு என்று எழுதியிருக்கிறீர்களே, கொடுப்பது இந்தப் பெண்களின் இரத்தத்தில் ஊறினது என்று, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இயல்பும் இல்லை கியல்பும் இல்லை. யூஜினியின் மகள் சேர்ச்சில் முதல் நன்மை எடுத்த விருந்துக்கு அக்கா போகவில்லை என்று யூஜினி இரண்டு கிழமை ஒரு ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. நானும் வனஜாவும் இரட்டிப்பாக ஓடினோம். வனஜா அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் லஞ்ச் ரூமில் எல்லோருக்கும் முன்னால் அவளைக் கிழித்தேன். அவள் அழுதாள், பிறகு அக்கா அழுதா, பிறகுதான் ஒட்டத் தொடங்கினாள். எனக்கும் எத்தனை நாள் ஏன் உந்தக் கோதாரி என்று வந்திருக்கிறது தெரியுமா? அக்கா மெல்ல மெல்லக் கதைத்துக்கொண்டு நிற்கும்போது ஸ்டிக்கரை அவவின் மூஞ்சியில் எறிய வேண்டும்போல இருக்கும். எறியாமல் ஒட்டினேன். ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்துத்தான் அதைக் காப்பாற்றினோம். பெட்டி அடுக்குவதைவிட அது கஷ்டமான வேலை. நீங்கள் அதை ஒரு வரியில் இயல்பு ஆக்கிவிட்டீர்கள்.

சரி, கோபத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது நல்ல செய்தி.

நேற்று ஒஃபிஸ் அம்மா சிவபாதத்தைக் கூப்பிட்டு, இந்தத் தமிழை வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல் என்றிருக்கிறா. அந்த மனிசன் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? இது கோயிலில் சொல்லுகிற மாதிரி ஒரு கற்பனைக் கதை, நாலு பெண்கள் ஒரு மேசையில் இருந்து பலகாரம் செய்கிறார்கள், ஊர் பெயர் ஒன்றும் இல்லை, ஏழு என்பது எங்கள் ஆட்களுக்கு விசேஷமான நம்பர் என்று அடித்து விட்டிருக்கிறார். அவ எல்லாவற்றையும் எழுதி எடுத்திருக்கிறா. "என்ர வாழ்க்கையில இவ்வளவு பொய் ஒரே மூச்சில சொன்னதில்லை அக்கா, சட்டை நனைஞ்சு போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். எட்டு வருஷமாக நான் அந்த மனிசனைக் கொம்பனியின் வால் என்று திட்டியிருக்கிறேன். நேற்றுக் கும்பிடலாம்போல இருந்தது. இன்னும் ஒரு இடத்தில் கேட்டுவிட்டு விஷயத்தை முடிப்பதாக அந்த அம்மா சொன்னாவாம். முடிந்தால் அக்கா திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவா.

அதனால் பேப்பரில் மறுப்பு எழுதவும் வேண்டாம். உங்கள் புத்தகம் உங்கள் பாடு. யாராவது கேட்டால் மட்டும் கதை என்று சொல்லுங்கள். ஒரு சொல். கதை.

இதைப் போனில் சொல்லலாம்தான். கையில் எடுத்துவிட்டு வைத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் மறுபடி சண்டைதான் வரும். இன்றே தபாலில் போடுகிறேன். திங்கட்கிழமை எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அந்த ஞாயிறு வெளியீட்டுக்கு வருகிறேன். மேடைக்கு இல்லை, பின் வரிசைக்கு.

உங்கள் தங்கச்சி,
மலர்.


பிக்கரிங்,
19 மார்ச் 2025.

என் அன்புத் தங்கச்சி மலருக்கு,

உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஆனால் இன்று காலை நடந்ததை உனக்கு உடனே எழுதாமல் இருக்க முடியவில்லை. இனி நீ என்னோடு கோபிக்கத் தேவையில்லை.

கட்டுரைக்குக் கீழே என் நம்பரைப் போட்டிருக்கிறார்கள் அல்லவா? பத்து மணிக்கு ஒரு அழைப்பு. உங்கள் கொம்பனியில் இருந்து ஒரு அம்மா. மிக மரியாதையான மனுஷி. முதலில் போனை வைத்துவிடப் பார்த்தேன். பிறகு யோசித்தேன், இவ்வளவு காலமும் என்னைப்போன்ற ஆட்களோடு ஒரு கொம்பனி எப்போதாவது கதைத்திருக்கிறதா? இது தானாக வந்த சந்தர்ப்பம். நாற்பது நிமிஷம் கதைத்தேன். மிதுனன் ஆச்சரியப்பட்டுப்போனான், அப்பா இவ்வளவு நல்ல ஆங்கிலம் கதைப்பாரா என்று.

வேடர்களில் இருந்து தொடங்கினேன். வௌவாலையும் சொன்னேன். பொது நிலத்துக்கு வேலி விழுந்த கதையைச் சொல்லி, நீங்கள் இப்போது ஒரு மேசைக்குள்ளே வேலி போடப் பார்க்கிறீர்கள் அம்மா என்றேன். கமலாம்பிகை அம்மாவை வைத்திருப்பதுதான் உங்களுக்கு இலாபம், அவவுக்காகத்தான் மற்ற மூன்று பேரும் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறார்கள் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் தட்டெழுதிக்கொண்டே கேட்டா. டக் டக் என்று சத்தம் கேட்டது.

ஒரு பகிடியையும் சொல்ல வேண்டும். என் கட்டுரை ஒரு கோயில் கதை என்று யாரோ அவவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்களாம்! ஏழு விசேஷமான நம்பராம்! தமிழ் சரியாகத் தெரியாத ஆளாக இருக்க வேண்டும். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லி, நானே பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தேன். நான் கற்பனை எழுதுகிறவன் இல்லை, ஒவ்வொரு சொல்லும் உண்மை, என் சொந்தத் தங்கச்சி அந்த மேசையில் நிற்கிறாள், கைவேகத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை என்றேன். மூன்று தரம் நன்றி சொன்னா. என் நேரத்துக்கு மதிப்புக் கொடுத்துப் பேசினா.

மனம் நிறைந்து இருக்கிறது மலர். பயப்படாமல் உண்மையைச் சொன்னால் மனிதன் கேட்பான். இதைத்தானே நான் எழுதுகிறேன். வெளியீட்டுக்குக் கட்டாயம் வா.

என்றும் உன் அண்ணன்,
இரத்தினவேல்.


ஸ்காபரோ,
22 ஏப்ரல் 2025.

அண்ணைக்கு,

உங்கள் எட்டு மிஸ்ட் கோலும், மிதுனன் கொண்டுவந்து கதவடியில் வைத்த புத்தகமும் கிடைத்தன. வெளியீடு நல்ல கூட்டமாம். சந்தோஷம்.

ஒரு மாதமாக எழுத நினைத்துக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். இது கிழிபடாது.

கமலாம்பிகை அக்காவை நிறுத்திவிட்டார்கள். மோசடி என்று எழுதி நிறுத்தியதால் ஒரு சதமும் இல்லை, இன்சூரன்ஸும் அன்றோடு சரி. நான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே சொன்னா: "மலர், நீ என்ன செய்வாய், உன்ர அண்ணர் நல்லதெண்டு நினைச்சுத்தானே எழுதினவர்." உள்ளே வா என்று சொல்லவில்லை. அவவின் மனிசன் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து எடுக்கிறாராம்.

சிவபாதத்தையும் அனுப்பிவிட்டார்கள். தமிழ் சரியாகத் தெரியாத ஆள் இல்லை அண்ணை. உங்களைவிட நன்றாகத் தமிழ் தெரிந்த ஆள். எந்தச் சொல்லை எங்கே சொல்லக்கூடாது என்று தெரிந்த ஆள். பத்தொன்பது வருஷ வேலை, நாற்பது நிமிஷத்தில் போய்விட்டது.

அந்தப் பதினெட்டாம் திகதி நான் போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்தேன். பெருமை. உங்களுக்கு மட்டுமில்லை, எனக்கும் இருக்கிறது. ஒரு நிமிஷம் கதைத்திருந்தால் சிவபாதம் இன்றைக்கு வேலையில் நிற்பார். அதை நான் உங்கள் தலையில் போடவில்லை, அது என்னுடையது.

என்னை நிறுத்தவில்லை. நிறுத்துவார்களா? கைவேகத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்களே. யூஜினிக்கும் வனஜாவுக்கும் எச்சரிக்கைக் கடிதம், எனக்கும் ஒன்று. மேசைகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆளுக்கு ஒரு தட்டி மறைப்பு, முன்னால் ஒரு சின்னத் திரை. நாற்பதுக்கு மேலே போனால் பச்சை, குறைந்தால் சிவப்பு. ஸ்டிக்கர் எங்கள் கையில் வருவதில்லை. அடுக்கி முடித்த பெட்டியை பெல்ட்டில் வைக்கும்போது கையில் கட்டின வளையத்தை மெஷினில் தொட வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது யாருக்கும் தெரியாது. வனஜாவுக்கும் தெரியாது.

போன வியாழக்கிழமை யூஜினிக்குக் காய்ச்சல். லீவு எடுத்தால் எச்சரிக்கை வரும் என்று வேலைக்கு வந்துவிட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டு நின்றாள். பதினொரு மணிக்குத் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன், அவளுடைய திரை சிவப்பு. என்னுடையது பச்சை, பன்னிரண்டு பெட்டி கூட. இனி அடுக்கி முடிக்கிற பெட்டிகளைத் தட்டிக்குக் கீழால் காலால் தள்ளிவிட்டால் அவள் எடுத்துத் தன் வளையத்தைத் தொடலாம். கேமரா அங்கே பார்க்காது, எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். அவள் ஒரு தரம் குனிந்து அந்த இடைவெளிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள்.

நான் தள்ளவில்லை அண்ணை.

பயத்தில் தள்ளவில்லை என்று உங்களுக்கு எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். பயம் இல்லை. பச்சையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு கிழமை அக்காவுக்கு ஒட்டாமல் நின்றவள்தானே இவள் என்று நினைத்தேன். என்னுடைய பன்னிரண்டு என்று நினைத்தேன். என்னுடைய என்ற சொல் அப்படியே வாயில் வந்தது. அன்றைக்கு ஷிஃப்ட் முடியும்போது அறுபது பேரில் நான்தான் முதல். கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். யூஜினிக்கு இரண்டாவது எச்சரிக்கை கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன், அவளைப்பற்றி ஒரு நினைவும் வரவில்லை. அடுத்த நாள் காலை பல் விளக்கும்போதுதான் வந்தது.

மூன்று வருஷம் சண்டை பிடித்துச் சண்டை பிடித்துப் பழகினது. தட்டி வைத்து நாலே கிழமையில் போய்விட்டது.

உங்களுக்கு உண்மைதானே வேண்டும்? நீங்கள் கற்பனை எழுதுகிறவர் இல்லையே? இரண்டாம் பதிப்பில் இதைப் போடுங்கள். மார்க்கத்தில் ஒருத்தி கொடுக்காமல் நின்றாள் என்று எழுதுங்கள். இந்தத் தடவை பெயரை மாற்ற வேண்டாம்.

யோகமலர்.